நெருப்பு இருக்கிறது, வழிதான் இல்லை

1865 ஆகஸ்ட் 25ஆம் தேதி, பீகாரில் கயாவுக்குப் பக்கத்தில் உள்ள ஷெர்காட்டியில் வானத்திலிருந்து ஒரு கல் விழுந்தது. சுமார் 5 கிலோ எடை. ஆங்கிலேயர் ஆவணங்களில் ஊர்ப்பெயர் ஷெர்கோட்டி என்று பதிவானதால், விண்கல் ஆய்வாளர்கள் இன்றுவரை அதை அப்படித்தான் அழைக்கிறார்கள். உடைத்துப் பார்த்தால் உள்ளே இருப்பது பசால்ட் வகை எரிமலைப் பாறை. அதில் அதிசயம் எதுவும் இல்லை. வெஸ்டா என்ற சிறுகோளிலிருந்து சிதறி வந்த எரிமலைப் பாறைகள் பூமியில் நிறையவே கிடைத்திருக்கின்றன.

அதிசயம் வயதில் இருந்தது. வெஸ்டாவின் பாறைகள் சுமார் 450 கோடி ஆண்டுப் பழசு. சூரியக் குடும்பம் பிறந்த கையோடு பிறந்தவை. ஷெர்கோட்டிக் கல் லாவாவாக இருந்து இறுகியதோ சுமார் 17 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் என்று கணிக்கப்படுகிறது. 1911இல் எகிப்தின் நக்லாவில் விழுந்த அதன் பங்காளிக்கு வயது 130 கோடி. 500 கிலோமீட்டர் குறுக்களவுள்ள ஒரு சிறுகோள் அத்தனை காலம் உலை மூட்டிக்கொண்டிருக்க வாய்ப்பே இல்லை. எனவே இந்தக் கற்கள் ஏதோ ஒரு பெரிய உலகத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று 1970களின் கடைசியில் சிலர் வாதிட ஆரம்பித்தார்கள். செவ்வாயின் பெயர் அடிபட்டது. அண்டார்டிகாவில் கிடைத்த இதே இனத்துக் கல் ஒன்றின் கண்ணாடித் துளிகளுக்குள் சிக்கியிருந்த வாயுவை 1983இல் பிரித்தெடுத்துப் பார்த்தபோது, 1976இல் வைகிங் விண்கலங்கள் அளந்த செவ்வாய்க் காற்றோடு அது பொருந்திப் போனது. அதற்குப் பிறகு பெரிதாகச் சந்தேகம் எழவில்லை.

கல்லின் வயதை வைத்து அது பிறந்த வீட்டின் அளவை ஊகிக்க முடிந்தது என்றால், அதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. பாறைக் கோள்களின் எரிமலைகள் காலப்போக்கில் ஓய்கின்றன. சிறியவை முதலில், பெரியவை பிறகு. டம்ளரில் ஊற்றிய காபி ஆறிவிடும், அண்டாவில் இருப்பது ஆறாது என்கிற அதே கணக்குதான். பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர், செவ்வாயின் ஆரம் 3,390. ஒரு கன கிலோமீட்டர் பாறைக்கு இவ்வளவு பரப்பு என்று வகுத்துப் பார்த்தால், சூட்டை வெளியே விடுவதற்குச் செவ்வாய்க்குப் பூமியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தோல் இருக்கிறது. நிலாவுக்கு மூன்றரை மடங்குக்கும் மேல்.

பாடப்புத்தகம் இந்த இடத்தில் முடிந்துவிடும். ஆனால் இது பாதிக் கதை என்பது என் எண்ணம். இதை மட்டும் வைத்துக்கொண்டால் பல விஷயங்கள் இடிக்கின்றன. நிலா புதனைவிடச் சிறியது. ஆனால் புதனின் பெரிய எரிமலைச் சமவெளிகள் சுமார் 350 கோடி ஆண்டுகளுக்கு முன்பே கடையைக் கட்டிவிட்டன, நிலாவில் 200 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் லாவா ஓடியிருக்கிறது. வியாழனின் அயோ நிலா நம் நிலாவின் பருமன்தான். அதில் 400க்கும் மேற்பட்ட எரிமலைகள் இன்றும் எரிகின்றன. எல்லாவற்றையும்விட முக்கியமானது இன்னொன்று: எரிமலை நின்றுபோன கோள்களின் வயிறு இன்னும் குளிர்ந்துவிடவில்லை. புதனின் நடுவில் உள்ள கருவத்தில் இன்னும் உருகிய இரும்பு இருக்கிறது. செவ்வாயிலும் அப்படியே. நிலாவின் ஆழத்தில்கூட.

அப்படியானால் ஓய்ந்தது எது?

முதலில் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். ஒரு பங்கு, கோள் உருவானபோது மோதி மோதிச் சேர்ந்த சூடு, இரும்பு உள்ளே இறங்கிக் கருவமானபோது வெளிப்பட்ட சூடு. இது முதலிலேயே கிடைத்த சீதனம். செலவழியுமே தவிரக் கூடாது. இன்னொரு பங்கு, பாறையில் கலந்திருக்கும் கதிரியக்கத் தனிமங்கள் சிதைவதால் வருவது. இதுவும் குறைந்துகொண்டே போகும் வருமானம்தான். யுரேனியம்-235இன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி தீர ஆகும் காலம், சுமார் 70 கோடி ஆண்டுகள். பூமி பிறந்தபோது இருந்ததில் இன்று ஏறக்குறைய 80இல் ஒரு பங்குதான் மிச்சம். பொட்டாசியம்-40இல் 12இல் ஒரு பங்கு. யுரேனியம்-238இல் பாதி தீர்ந்துவிட்டது. தோரியம் மட்டும் சிக்கனக்காரர். அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டுகள் என்பதால் ஐந்தில் நான்கு பங்கு அப்படியே இருக்கிறது. வெஸ்டாவை உருக்கிய அலுமினியம்-26க்கு அரை ஆயுளே 7 லட்சம் ஆண்டுதான். வைக்கோல் நெருப்பு மாதிரி, பற்றியதும் தெரியாது அணைந்ததும் தெரியாது.

இன்று பூமியின் உள்ளிருந்து வெளியேறும் வெப்பம் சுமார் 46 டெராவாட் (ஒரு டெராவாட் என்பது லட்சம் கோடி வாட்). இதில் ஏறக்குறைய பாதி கதிரியக்கத்திலிருந்து வருகிறது. ஜப்பானின் காம்லேண்ட் ஆய்வகத்தில் கதிரியக்கச் சிதைவின்போது பிறந்து பூமிக்குள்ளிருந்து வரும் நியூட்ரினோ என்ற நுண்துகள்களைப் பிடித்து எண்ணி, யுரேனியமும் தோரியமும் சேர்ந்து சுமார் 20 டெராவாட் தருகின்றன என்று 2011இல் கணக்குச் சொன்னார்கள். தரையைத் தோண்டாமல் பூமியின் அடுப்பில் எவ்வளவு விறகு இருக்கிறது என்று எண்ணிய அந்த வேலை, இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்தவற்றில் ஒன்று.

சூட்டின் அளவைவிட அது வெளியே வரும் விதம் முக்கியம் என்பதற்கு ஒரு பழைய வழக்கு சாட்சி. 1862இல் இயற்பியலாளர் கெல்வின் பிரபு, உருகிய நிலையிலிருந்து பூமி இன்றைய நிலைக்கு ஆற எவ்வளவு காலம் ஆகும் என்று கணக்கிட்டு, பூமியின் வயது 2 கோடி முதல் 40 கோடி ஆண்டு என்றார். கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்டதும் அவர் கணக்கு சரிந்தது என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். உண்மையில் அதற்கு முன்பே, 1895இல், அவருடைய பழைய உதவியாளர் ஜான் பெர்ரி ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார். கெல்வின் பூமியை அசையாத கெட்டிக் கல்லாக எடுத்துக்கொண்டார். உள்ளே பாறை மெதுவாகவாவது புரண்டு கிளறிக்கொண்டிருந்தால், ஆழத்துச் சூடு தொடர்ந்து மேலே வந்துகொண்டே இருக்கும், பூமி பல நூறு கோடி ஆண்டுப் பழசாகக்கூட இருக்கலாம் என்றார் பெர்ரி. யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கெல்வினின் கணக்கில் கதிரியக்கத்தைச் சேர்த்தாலும் விடை அதிகம் மாறாது. கிளறலைச் சேர்த்தால்தான் மாறும்.

அந்தக் கிளறலில்தான் எரிமலையின் சூட்சுமம் இருக்கிறது. நம்மில் பலர் மனத்தில் ஒரு படம் பதிந்திருக்கிறது: மேலே மெல்லிய ஓடு, கீழே கொதிக்கும் குழம்புக் கடல், ஓட்டை விழுந்தால் பீறிட்டு வரும். வகுப்பறைச் சுவர்ப் படங்களில் கவசம் என்ற அடுக்குக்கு ஆரஞ்சு வண்ணம் அடித்தே இப்படிப் பதிய வைத்துவிட்டார்கள். பூமியின் மேலோட்டுக்குக் கீழே சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை இருக்கும் அந்தக் கவசம், கல். திடமான கல். 1,300 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தும் உருகாததற்குக் காரணம் அழுத்தம். பிரஷர் குக்கருக்குள் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் ஆவியாகாமல் தண்ணீராகவே இருக்கிறதே, அது மாதிரி.

குக்கரின் அழுத்தம் சட்டென்று குறைந்தால் என்ன ஆகும் என்று தெரியும். கல்லுக்கும் அதுதான். சூடான கல் நகம் வளரும் வேகத்தில் மேலே ஏறி வருகிறது. ஏற ஏற மேலே உள்ள பாரம் குறைகிறது. ஒரு கட்டத்தில், கூடுதலாக ஒரு டிகிரிகூடச் சூடேறாமலே, அதில் ஒரு சிறு பங்கு உருகிக் கசிய ஆரம்பிக்கிறது. அந்தக் கசிவுதான் மாக்மா. கடலடியில் உலகைச் சுற்றி ஓடும் சுமார் 65,000 கிலோமீட்டர் மலைத்தொடரில் நடப்பது இதுவே.

ஆக, எரிமலைக்குச் சூடு மட்டும் போதாது. சூடான கல் மேற்பரப்புக்கு அருகே, அழுத்தம் குறைந்த இடம் வரை, ஏறி வர இடம் வேண்டும்.

அடுப்பில் கேழ்வரகுக் கூழ் கொதிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பொத்துப் பொத்தென்று குமிழி வெடிக்கும். இறக்கி வைத்ததும் மேலே ஆடை கட்டும். முதலில் மெல்லிய ஆடை. குமிழி அதைக் கிழித்துக்கொண்டு வரும். கொஞ்ச நேரத்தில் ஆடை தடித்துவிடும். குமிழி அடியிலேயே முட்டிக்கொண்டு நின்றுவிடும். ஆறிவிட்டது என்று நம்பி விரலை விட்டால் தெரியும் சேதி.

கோள்களிலும் இந்த ஆடை தடிப்பதுதான் நடக்கிறது. ஆறி விறைத்துப்போன வெளிப்புறக் கல் ஓடு, ஆண்டுக் கோடிகள் கழியக் கழிய, கீழ்நோக்கித் தடித்துக்கொண்டே போகிறது. ஏறி வரும் சூடான கல் அந்தக் கல்லோட்டின் அடியில் முட்டி நிற்கிறது. ஓடு 50 கிலோமீட்டர் என்றால் அங்கே அழுத்தம் குறைவு, உருகலாம். 400 கிலோமீட்டர் என்றால் அந்த ஆழத்து அழுத்தத்தில் அதே கல் உருகாது. உள்ளே நெருப்பு இருக்கிறது, வெளியே எரிமலை இல்லை. இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. கல் எவ்வளவு சூடோ அவ்வளவு இளக்கம். இளக்கமாக இருந்தால் வேகமாகப் புரண்டு வேகமாகச் சூட்டை இழக்கும். ஆற ஆறக் கெட்டிப்பட்டு மந்தமாகும். அதனால்தான் எரிமலைகளின் வீழ்ச்சி ஆரம்பத்தில் செங்குத்தாகவும், பிறகு இழுத்துக்கொண்டே போகும் நீண்ட வாலாகவும் இருக்கிறது.

நிலாவின் கதை இந்த வாலைப் பற்றியது. வெறுங்கண்ணுக்கு முயலாகவோ பாட்டியாகவோ தெரியும் கறுப்புத் திட்டுகள் எல்லாம் பழைய லாவாச் சமவெளிகள். அப்பல்லோ பயணிகள் அள்ளி வந்த பசால்ட்டுகள் பெரும்பாலும் 310 கோடி ஆண்டுக்கு மேல் பழையவை என்பதால், நிலாவின் கதை அதோடு முடிந்தது என்ற எண்ணம் வெகுகாலம் ஊறிக் கிடந்தது. 2020 டிசம்பரில் சீனாவின் சாங்-இ 5 விண்கலம் நிலாவிலிருந்து கொண்டுவந்த 1,731 கிராம் மண் அதை மாற்றியது. அதில் இருந்த பசால்ட்டுக்கு வயது 200 கோடி. கதிரியக்கத் தனிமங்கள் அங்கே அதிகமாகச் சேர்ந்திருக்கும், அதனால்தான் அவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது என்று எதிர்பார்த்தார்கள். அப்படி இல்லை. தண்ணீர் கூடுதலாக இருந்து உருகுநிலையைக் குறைத்திருக்குமா என்று பார்த்தார்கள். அதுவும் இல்லை. 2024இல் அதே மாதிரிகளில் 12 கோடி ஆண்டே ஆன எரிமலைக் கண்ணாடி மணிகள் மூன்று இருப்பதாகச் சொன்னபோது குழப்பம் இன்னும் கூடியது. அந்த ஆண்டே சாங்-இ 6 நிலாவின் மறுபக்கத்திலிருந்து கொண்டுவந்த பசால்ட் 280 கோடி ஆண்டு வயது காட்டியது. ஆடை தடித்த பிறகும் எங்கோ ஒரு மெல்லிய இடம் இருந்திருக்கிறது; எப்படி என்பதற்கு இன்னும் ஒத்துக்கொண்ட பதில் இல்லை.

புதனில் வேறு விதமாகக் கதவு சாத்தப்பட்டது. 2,440 கிலோமீட்டர் ஆரத்தில் 2,000 கிலோமீட்டரை இரும்புக் கருவமே எடுத்துக்கொண்டது. கிளறுவதற்கு மிஞ்சியது 400 கிலோமீட்டர் கவசம்தான். இரும்பு ஆறி இறுக, கோளே சுருங்கியது. 2011 முதல் 2015 வரை புதனைச் சுற்றிய மெசஞ்சர் விண்கலத்தின் படங்களை அளந்தவர்கள், ஆரத்தில் 7 கிலோமீட்டர் வரை குறைந்திருக்கிறது என்கிறார்கள். உள்ளே இருப்பது சுருங்கினால் தோல் மடியும். காய்ந்த நெல்லிக்காய் போல. புதன் முழுக்க நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளச் செங்குத்து மேடுகள் இப்படி உருவானவை. நாலாபக்கமும் இறுக்கிப் பிடிக்கப்பட்ட ஓட்டில் விரிசல் திறக்காது, மாக்மா ஏற வழி கிடைக்காது. அடுப்பு எரியும்போதே புகைபோக்கியை அடைத்த கதை.

பூமியின் கல் ஓடு பல தகடுகளாக உடைந்து நகர்கிறது; செவ்வாயில் அப்படித் தகடுகள் நகர்வதில்லை. பூமியில் ஹவாய்க்குக் கீழே எழும் சூட்டுத் தூணின் மேல் கடல்தகடு நகர்ந்துகொண்டே இருப்பதால், ஒரே ஊற்றிலிருந்து வரிசையாகத் தீவுகள் பிறக்கின்றன. செவ்வாயில் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்தது. அதனால்தான் 22 கிலோமீட்டர் உயரமும் சுமார் 600 கிலோமீட்டர் அகலமும் கொண்ட ஒலிம்பஸ் மலை. பெரும்பாலான செயல்பாடு 300 கோடி ஆண்டுகளுக்கு முன்பே முடிந்தது என்றாலும், முழுதாக ஓயவில்லை. எலிசியம் சமவெளியில் செர்பெரஸ் பிளவுகளை ஒட்டிய ஒரு கரிய சாம்பல் படிவுக்கு சுமார் 53,000 ஆண்டு வயதுதான் இருக்கும் என்று 2021இல் கணித்தார்கள். 2018 நவம்பரில் அங்கே இறங்கிய இன்சைட் கலம் பதிவு செய்த 1,300க்கும் மேற்பட்ட நில அதிர்வுகளில் பெரியவை பல அதே திசையிலிருந்து வந்தன. செவ்வாயின் கல் ஓடு 400 முதல் 600 கிலோமீட்டர் தடிப்பு என்று அந்த அதிர்வுகளை வைத்தே சொன்னார்கள். அவ்வளவு கனமான மூடியைத் தாண்டி அவ்வப்போது எப்படிக் கசிகிறது என்பதற்கு, எலிசியத்துக்கு அடியில் இன்னும் ஒரு சூட்டுத் தூண் எழுந்துகொண்டிருக்கிறது என்ற விளக்கத்தை 2022இல் முன்வைத்தார்கள்.

வெள்ளி எல்லாக் கணக்கையும் குழப்பும். பூமியின் அளவுதான், ஆனால் தகடுகள் இல்லை. அங்கே விண்கற்கள் மோதி உண்டான கிண்ணக்குழிகள் மொத்தம் ஏறத்தாழ 1,000தான்; பரப்பு மிகப் பழையதாக இருந்தால் இன்னும் நிறைய இருக்கும். அவையும் கையால் விசிறி எறிந்ததுபோல் சீராகச் சிதறிக் கிடக்கின்றன. மேற்பரப்பு முழுவதும் சில பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரேயடியாக லாவாவால் மெழுகப்பட்டதா, அல்லது இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தொடர்ந்து மெழுகப்படுகிறதா என்ற சண்டை 30 ஆண்டுகளாக நடக்கிறது. 2023இல் இருவர் மெகல்லன் விண்கலத்தின் பழைய ரேடார் படங்களைக் கண்வலிக்க ஒப்பிட்டுப் பார்த்து, மாட் என்ற எரிமலையின் வாய் ஒன்று 1991 பிப்ரவரிக்கும் அக்டோபருக்கும் இடையே இரண்டு சதுர கிலோமீட்டர் சொச்சத்திலிருந்து நான்காகப் பெருத்திருப்பதைக் காட்டினார்கள். தரவு கைக்கு வந்து 30 ஆண்டுக்கு மேல் பெட்டியில் தூங்கியிருக்கிறது. இஸ்ரோவின் வெள்ளிச் சுற்றுக்கலனுக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. 2028 மார்ச்சில் ஏவுவதாகத் திட்டம்.

அயோவைப் பற்றி ஒரு வார்த்தை. வியாழனின் ஈர்ப்பு அதைத் தினமும் பிசைந்துகொண்டே இருப்பதால் அங்கே விறகு தீர்வதே இல்லை. இப்படி இருக்கும் என்று மூவர் எழுதிய கட்டுரை 1979 மார்ச் 2 அன்று வெளியானது. மூன்றே நாளில் வாயேஜர்-1 விண்கலம் அயோவைக் கடந்தது. மார்ச் 8 எடுத்த படத்தில் நாசா பொறியாளர் லிண்டா மொராபிட்டோ எரிமலைப் புகையைக் கண்டுபிடித்தார். கணிப்பு இத்தனை சுடச்சுட நிரூபணமாவது அறிவியலில் அபூர்வம்.

பூமியும் இந்த இறங்குமுகத்துக்கு விலக்கல்ல. தென்னாப்பிரிக்காவின் கொமாட்டி ஆற்றங்கரையில் 1969இல் அடையாளம் கண்ட கொமாட்டியைட் என்ற பாறை அதற்குச் சாட்சி. கர்நாடகத்தின் பழைய பாறைகளிலும் இது உண்டு. புல் முளைத்தது போல நீண்டு மெலிந்த படிகங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடக்கும். மிகச் சூடான குழம்பு சட்டென்று குளிர்ந்ததன் முத்திரை. சுமார் 1,600 டிகிரியில் வெளியே வந்த லாவா அது. இன்றைய ஹவாய் லாவா 1,200 டிகிரியைத் தொட்டாலே அதிகம். 250 கோடி ஆண்டுகளுக்குப் பிறகு கொமாட்டியைட் அநேகமாக மறைந்துவிட்டது. இடையிடையே வேகமெடுத்ததும் உண்டு: 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் கொட்டிய லாவா இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டரை மூடியிருக்கிறது. அஜந்தா, எல்லோராக் குகைகள் குடையப்பட்டது அந்தக் கல்லில்தான்.

ஆனாலும் பூமியில் ஆடை கட்டிக் கெட்டிப்படவில்லை. காரணம் தகடுகள். இங்கே ஆடை தடிப்பதற்குள் துண்டு துண்டாக உடைந்து ஒன்றன் கீழ் ஒன்று மூழ்குகிறது. மூழ்கும்போது கடல்நீரையும் பாறைக்குள் கட்டி எடுத்துப் போகிறது. அந்தத் தண்ணீர் கவசத்தின் உருகுநிலையைக் குறைத்து மேலே எரிமலைகளைக் கிளப்பிவிடுகிறது. அந்தமானின் பாரன் தீவு இந்த வகை. போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 135 கிலோமீட்டரில், மூன்று கிலோமீட்டர் அகலத்தில், இந்தியத் தகடு பர்மாத் தகட்டின் கீழ் நுழையும் இடத்தில் நிற்கிறது. ஒன்றரை நூற்றாண்டு தூங்கிவிட்டு 1991இல் எழுந்தது. அதன்பிறகு விட்டுவிட்டுப் புகைகிறது. ஓய்ந்தது என்று எழுதிவைத்த எரிமலை நம் கண்முன்னே எழுந்து உட்கார்ந்ததற்கு இது பக்கத்து உதாரணம்.

எரிமலை ஓய்ந்தால் ஓய்வது காற்றும்தான். மழை காற்றிலிருக்கும் கார்பன் டைஆக்சைடைக் கரைத்துக் கல்லில் சேர்க்கிறது. எரிமலைகள் அதைத் திருப்பிக் கக்குகின்றன. கக்குவது நின்றுபோனால் காற்று மெலியும், குளிரும். சூரியனிலிருந்து வீசும் துகள்களான சூரியக்காற்று செவ்வாயின் வளிமண்டலத்தைச் சுரண்டிக்கொண்டு போனபோது, இழந்ததை ஈடுகட்டும் அளவுக்கு அங்கே எரிமலைகள் கக்கவில்லை. பூமிக்கு அந்த நிலை வருவதற்கு முன்பே சூரியன் சூடேறிக் கடல்களை வற்றவைத்துவிடும் என்று கணிக்கிறார்கள். அதற்கே இன்னும் சுமார் 100 கோடி ஆண்டு இருக்கிறது.

சரி, வேறு கோள்களில் உள்ளிருந்து எவ்வளவு சூடு வருகிறது என்று நேரடியாக அளந்தால் என்ன? முயன்று பார்க்காமல் இல்லை. 1971இல் அப்பல்லோ 15இல் துளைக்கருவி பாதி ஆழத்திலேயே மாட்டிக்கொண்டது. அடுத்த ஆண்டு அப்பல்லோ 16இல் ஜான் யங்கின் காலில் மின்கம்பி சிக்கி, பெட்டியிலிருந்தே பிய்ந்து வந்துவிட்டது. அந்த இடத்தில் அளவே எடுக்க முடியவில்லை. அப்பல்லோ 17இல் ஒழுங்காக நடந்தது. அப்பல்லோ 15, 17 இறங்கிய இரண்டு இடத்திலுமாகக் கிடைத்தது ஒரு சதுர மீட்டருக்கு 21, 16 மில்லிவாட். பூமியின் சராசரி 90ஐ ஒட்டி. சந்திரயான்-3 தென்துருவப் பக்கத்தில் 10 சென்டிமீட்டர் வரை வெப்பமானி செருகியது, ஆனால் அந்த ஆழத்தில் தெரிவது சூரியனின் சூடுதான். செவ்வாயில் இன்சைட் கலம் 40 சென்டிமீட்டர் நீள ஆணி ஒன்றைக் கொண்டுபோயிருந்தது. தன்னைத்தானே சுத்தியலால் அடித்துக்கொண்டு 5 மீட்டர் இறங்க வேண்டிய ஆணி. அங்கத்திய மண் கட்டிதட்டி விலகிக்கொண்டதால் பிடிமானம் கிடைக்காமல் குழியிலேயே துள்ளியது. கலத்தின் கையிலிருந்த மண்வாரியால் அமுக்கிக்கூடப் பார்த்தார்கள். ஏறக்குறைய இரண்டு ஆண்டு போராட்டத்துக்குப் பிறகு 2021 ஜனவரியில், அதன் தலை தரைக்குக் கீழே இரண்டு மூன்று சென்டிமீட்டர் போயிருந்த நிலையில், போதும் என்று விட்டுவிட்டார்கள். தரையைத் துளைத்து உள்ளிருந்து வரும் சூட்டை அளந்த உலகங்கள் இப்போதைக்கு இரண்டே: பூமி, அப்புறம் நிலா.